தொட்டியடி வல்லாரை

அந்த மனுசன் எங்கள் தோட்டத்துக்கு வந்தால் முதலில் என்னைப் பார்க்க மாட்டார். என் வீட்டுக்காரரையும் பார்க்க மாட்டார். நாய் குரைத்தால் அதைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். செருப்பை வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குந்துவார். அங்கே கசிவு ஈரத்தில் படர்ந்திருக்கும் வல்லாரையில் முற்றின இலை ஒன்று, கொழுந்து ஒன்று என்று இரண்டு கிள்ளுவார். கைலி நுனியில் துடைத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்குச் சிரிப்பாக வரும். ஆடுகூட அசைபோடும்போது கண்ணை இத்தனை இறுக்கி மூடாது. மென்று முழுங்கி, எழுந்து, கையை உதறி, அப்புறம்தான், "என்ன தங்கச்சி, சௌக்கியமா?" என்பார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மனசு வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். லாரி டிரைவர்களுக்கு நாக்கு பாய். நான் அண்ணா என்று கூப்பிட்டேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டது சொல்ல வேண்டியதெல்லாம் என்னைப் பற்றித்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருசத்துக்கு அப்புறம் ஒளித்து வைத்து என்ன கிழிக்கப் போகிறேன்?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் பனியன் கம்பெனி பெருகி, கூடவே சாயப்பட்டறையும் பெருகி, அங்கே கிணற்றில் வாளி விட்டால் என்ன நிறத்தில் தண்ணீர் வரும் என்று சொல்ல முடியாத நிலைமை. துணியை வெளுக்கவும் சாயம் ஏற்றவும் நல்ல தண்ணீர் வேண்டும். அதனால் பட்டறைக்காரர்கள் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு டேங்கர் லாரி அனுப்பி, கிணற்றுத் தண்ணீரை விலைக்கு எடுத்தார்கள். எந்தக் கிணற்றில் எடுக்கலாம், எதில் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்வது பாயின் வேலை. ராமநாதபுரத்துப் பக்கம் கடலோர ஊர்க்காரர். துணி வெளுக்கும் தொட்டியில் கூலிக்குச் சேர்ந்து, நாக்கின் தயவால் இந்த வேலைக்கு வந்தவர். தொட்டி வேலைக்கு ஆள் வராத நாளில் அதையும் இறங்கிச் செய்வார்.

எங்கள் தோட்டம் பல்லடத்துக்குத் தெற்கே, குண்டடம் போகிற பக்கம். சோளமும் தட்டைப்பயறும் போடுகிற வறண்ட காடு. ஆனால் கிணறு மட்டும் சாமி கொடுத்தது. எந்தக் கோடையிலும் அந்தத் தண்ணீரைக் குடித்தால் வயிறு குளிரும். கிணற்றுக்குக் கிழக்கே ஐந்து குடிசை. எங்கள் காட்டில் களை எடுக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள். அவர்களுக்கும் குடிக்க, சமைக்க எங்கள் தொட்டித் தண்ணீர்தான். அதில் மாராத்தாள் என்று ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், காலையிலும் மத்தியானமும் குடத்தோடு வந்துவிடுவாள்.

பாய் முதல் தடவை வந்தது தண்ணீர் தேடி இல்லை. லாரி எங்கள் காட்டோரம் பஞ்சராகி நின்றது. தொழுகைக்கு நேரமாகிவிட்டது, ஒலுச் செய்ய, அதாவது கை கால் முகம் கழுவ, கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தொட்டியைக் காட்டினேன். கையைக் கழுவி, ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்தார். இரண்டாவது வாயை எடுத்தவர் கன்னத்தை உப்பியபடி அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது, தொட்டியில் பல்லி கில்லி விழுந்துவிட்டதா என்று. தொழுது முடித்ததும் வாய்க்கால் ஓரமாக நடந்தார். அங்கே வல்லாரை தானாக மண்டிக் கிடக்கும். நாங்கள் அதைக் கீரையாகவே மதித்தது கிடையாது. எருமை மிதித்துக்கொண்டு போகும். பாய் ஒரு இலையைக் கிள்ளி மென்றார்.

"தங்கச்சி, இது வெள்ளைக்கு ஆகுற தண்ணி" என்றார்.

"வெள்ளைக்குன்னா என்னங்ணா?"

"பச்சப்புள்ளைக்குப் போடுற சட்டை இருக்குல்ல, வெள்ளை, இளம் ரோசு, இளம் மஞ்சள். அதுக்குத் தண்ணி சுத்தமா இருக்கணும். ஒரு பொட்டு உப்பு ஏறினாலும் துணியில திட்டு விழுந்துரும். கருப்புக்கும் நீலத்துக்கும் எந்தத் தண்ணியும் போதும். வெள்ளைக்கு இந்த மாதிரி தண்ணி லேசுல கிடைக்காது."

"தண்ணியக் குடிச்சுப் பாத்தாத் தெரியாதுங்ளா? எதுக்குக் கீரையத் திங்கறீங்க?"

அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "தண்ணியக் குடிச்சா இன்னைக்குத் தண்ணிதான் தெரியும். இலையத் தின்னா ஒரு மாசத்துத் தண்ணி தெரியும்."

அந்த வாரமே லாரி வந்தது. தொட்டியிலிருந்து லாரிக்குப் போகிற குழாயில் ஒரு இணைப்பு சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு விழுகிற இடத்தை பாய் மண்வெட்டியால் கொத்தி, வாய்க்கால் ஓரத்து வல்லாரையைக் கொடியோடு பிடுங்கி வந்து, விரலால் குழி போட்டு வரிசையாக நட்டார். எத்தனை கிணற்றில் எடுத்தாரோ அத்தனை கிணற்றடியிலும் இப்படி ஒரு பாத்தி வைத்திருந்தார். வியாழக்கிழமை எங்களுக்கு. வந்து தின்று பார்ப்பார். இலை இளசாக, லேசான கசப்போடு இருந்தால் லாரி வரும். இலை ஓரம் கருகினால் அன்றோடு சரி. உப்பு ஏறப்போகிறது என்று இலை முன்கூட்டிச் சொல்லும், அப்போதே நிறுத்தினால் இரண்டு மழையில் கிணறு திரும்பிக்கொள்ளும், அதற்கு மேல் இழுத்தால் அடியாழத்து உப்பு ஏறி கிணறு செத்துவிடும் என்பார். யார் சொன்னாலும் கேட்க மாட்டார். முதலாளி சொன்னாலும் கேட்க மாட்டார்.

எங்களுக்கு மேற்கே பெரிய தோட்டத்துக்காரர் ஒருவர். அவர் கிணற்றடியில் இலை ஓரம் காப்பிப்பொடி நிறத்தில் கருகியது. பாய் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தோட்டத்துக்காரர் முதலில் கெஞ்சினார். அப்புறம் விருந்து வைக்கிறேன் என்றார். அப்புறம் வாய்க்கு வந்தபடி பேசினார். "கீரை திங்கற பயலுக்கு என்னடா தெரியும் கிணத்தப் பத்தி?" என்றார். பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க என்ன வேணா சொல்லுங்கய்யா. இலை வேணாங்குது, நான் வேணாங்குறேன்." அவ்வளவுதான் பேச்சு. அந்த ஆள் வீம்புக்கு வேறு லாரிக்காரனைப் பிடித்து ஆறேழு மாசம் விற்றார். அப்புறம் பாய் எங்களை அங்கே கூட்டிப் போய்க் காட்டினார். சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு பூசின மாதிரி உப்புப் படிந்திருந்தது. ஒரு மாடு மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. 

"எங்க கிணத்த இப்படி விட்டறாதீங்ணா" என்றேன்.

"நீங்களே விடச் சொன்னாலும் விட மாட்டேன் தங்கச்சி."

சாப்பாட்டு விஷயத்திலும் அவர் தனிதான். வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். வல்லாரையைச் சின்ன வெங்காயம், உளுத்தம்பருப்பு, வரமிளகாய் சேர்த்து வதக்கித் துவையல் அரைப்பேன். உப்பு மட்டும் போடக் கூடாது. வேலை நாளில் நாக்கில் உப்புப் படக் கூடாதாம். டிரைவர் ஒருத்தன் மதுரைக்காரன், வாய்த் துடுக்கு. "பாய், சோத்துல உப்புப் போட்டுத் தின்னுங்க பாய், அப்பவாச்சும் சூடு சொரணை வருதான்னு பாப்போம்" என்பான். பாய் சிரித்துக்கொண்டே உருண்டை பிடிப்பார். "எங்க ஊருல அம்புட்டு உப்பையும் சின்ன வயசுலயே தின்னாச்சுடா. குடிக்கத் தண்ணி எடுக்க எங்கம்மா மூணு மைல் போவும். தலையில குடத்தோட திரும்பி வர்றப்ப வழியில எவனாச்சும் ஒரு வாய் கேட்டா, குடுக்கவும் மனசு வராது, இல்லைங்கவும் மனசு வராது. அழுதுரும்." அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடும். அவர் கிணற்றைக் காபந்து பண்ணியது பட்டறைக்காரனுக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

சரி, இனி என் கதைக்கு வருகிறேன்.

லாரி வரத் தொடங்கியதும் நாங்கள் காட்டை விதைக்கவில்லை. எதற்கு வெயிலில் சாக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் டெரஸ் வீடு கட்ட ஆரம்பித்தோம். ஐயோ, எனக்கு அந்த வீட்டின் மேல் இருந்த ஆசை! பசிக்காகச் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆசைதான். சுவர் எழும்பி ஜன்னல் மட்டம் தாண்டி நிற்கும்போது, இரண்டாம் வருசம், மழை பொய்த்தது. ஒரு செவ்வாய்க்கிழமை தொட்டியடியில் பார்த்தேன். வல்லாரை இலை ஓரத்தில் தையல் போட்ட மாதிரி மெல்லிசாக ஒரு பழுப்பு.

 கூரை போடாத வீடு கண் முன்னால் நிற்கிறது. அப்போது வீட்டில் பனியன் கம்பெனி வேலையும் கொஞ்சம் செய்துகொண்டிருந்தேன், தைத்து வந்த உருப்படிகளில் நூல் பிசிறு வெட்டுவது. அந்தச் சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு போய்க் குந்தினேன். ஒவ்வொரு இலையாகப் பிடித்து, பழுப்பை மட்டும் வளைத்து வெட்டினேன். பனியனில் பிசிறு வெட்டுகிற அதே நறுவிசு. வியாழக்கிழமை பாய் வந்தார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, ஆட்டுக்குட்டி கடிச்சிருச்சா?" என்றார். "ஆமாங்ணா, தொல்லை தாங்க முடியலீங்" என்றேன். மென்றார்.  லாரி வந்தது.

கத்திரி வைத்தியம் எத்தனை நாளைக்கு? என் பிறந்த ஊர் மடத்துக்குளம். அமராவதி வாய்க்கால் பாயும் நெல் வயல். அங்கே வரப்பெல்லாம் வல்லாரைதான், காலை வைத்தால் இலை மேல்தான் வைக்க வேண்டும். உடுமலை போய் பஸ் மாறிப் போனேன். வரப்பில் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். என் அண்ணன் பெண்டாட்டி வாய் சும்மா இருக்குமா? "ஏனுங் அம்மிணி, இந்த வயசுல பரிச்சை கிரிச்சை எழுதப் போறீங்ளா? வல்லாரைய இப்படி மூட்டை கட்டறீங்க?" என்று சிரித்தாள். "மறதி வந்துருச்சுங்க" என்று நானும் சிரித்தேன். கருகினதைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு, புதுசை அதே குழியில் வைத்து, பழைய கொடி நாலைந்தை மேலே போர்த்தி விட்டேன். மூன்று வாரம் தாங்கியது. கருக ஆரம்பித்ததும் மறுபடி மடத்துக்குளம். இப்படியே ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. அந்த ஈரச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது நான் திருட்டுக் கோழி வைத்திருக்கிறவள் மாதிரி யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.

முதல் தடவை புது இலையை அவர் வாயில் வைத்தபோது நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த இலை எது, கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த இலை எது என்று கண்டுபிடிக்கிற நாக்கு அது. மென்றார். முழுங்கினார். "நல்லா இருக்கு" என்றார். அதோடு போச்சா? மத்தியானம் தொழுகைக்குத் தொட்டித் தண்ணீரில் வாய் கொப்பளிப்பாரே! அந்தத் தண்ணீர் அதற்குள் கரிக்க ஆரம்பித்துவிட்டது. நாங்கள் குடிப்பதற்கு இரண்டு மைல் தள்ளியிருந்த பஞ்சாயத்துக் குழாயிலிருந்து தண்ணீரை சைக்கிளில் கொண்டு வந்துகொண்டிருந்தோம். பாய் ஒரு வாய் கொப்பளித்தார். இரண்டு வாய். மூன்று வாய். துப்பிவிட்டு முகத்தைக் கழுவினார். ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கு நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதாக நினைத்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எங்களுக்காக வாயை மூடிக்கொண்டார்.

"பாய்க்குத் தெரியுமுங் மாமா" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாய்ல வெச்சுப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாமப் போறாரு. கூரை போடற வரைக்கும் விட்டுக் குடுக்கறாராட்ட இருக்குது."

"நல்ல மனுசன்" என்றார் இவர்.

பாவத்தில் பாதியை அவர் தலையில் ஏற்றிவிட்டு நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அதற்கப்புறம் வியாழக்கிழமைச் சாப்பாட்டில் அவருக்குத் தயிரும் நெய்யும் கூடின.

கூரைக்குக் கான்கிரீட் போட்டோம். நிறுத்திவிடலாம் என்றுதான் பேச்சு. அப்புறம் பூச்சு வேலை. அப்புறம் கதவு. ஆசைக்கு எங்கே மட்டம் இருக்கிறது?

இடையில் ஒரு நாள் மாராத்தாள் தொட்டியில் குடத்தை முக்கியபடி சொன்னாள். "ஏனுங் அம்மிணி, பருப்பு வேகவே மாட்டீங்குதுங். எத்தன நேரம் எரிச்சாலும் கல்லாட்டம் கெடக்குதுங். பையனுக்கு வேற வயித்தால போயிட்டே இருக்குதுங். தண்ணி மாறிப்போச்சுங்ளா?"

"வெறகு ஈரமா இருந்திருக்கும். நல்ல வெறகாப் பொறுக்கி எரி" என்றேன்.

அவள் குடத்தை முக்கி எடுத்தாள். அப்புறம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சைக்கிளில் வரும் எங்கள் குழாய்த் தண்ணீர்க் குடத்தை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜீப் வந்தது. அதிலிருந்து பட்டறை முதலாளி இறங்கினார். பையில் பாட்டில்களோடு ஒரு லேப் பையன், அந்த மதுரை டிரைவர், கடைசியாக பாய்.  என்ன நடந்தது என்று டிரைவர்தான் சொன்னான். குழந்தைச் சட்டைக்கான இளம் ரோஸ் துணி, எக்ஸ்போர்ட் ஆர்டர், மொத்தமும் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. இத்தனை நாளும் மற்றக் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து ஓடியதால் தெரியவில்லை, இந்தத் தடவை எங்கள் தண்ணீர் மட்டும் போயிருக்கிறது. தண்ணீர்தான் காரணம் என்று லேப் பையன் சொல்லியிருக்கிறான். இருக்கவே இருக்காது, என் கிணறு அது, நேரில் வந்து பாருங்கள் என்று பாய் ஒற்றைக்காலில் நின்று முதலாளியையே கூட்டி வந்துவிட்டார். அவர் முகத்தில் பயமே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முதலாளி, இங்க வாங்க. ஒரு இலை, ஒரே ஒரு இலை ஓரம் கருகியிருந்தா என்னையச் செருப்பால அடிங்க."

எல்லோரும் தொட்டிக்குப் பின்னால் போனார்கள். வல்லாரை பச்சைப் பசேல் என்று இருந்தது. இருக்காதா பின்னே? அந்தச் செவ்வாய்க்கிழமைதான் மடத்துக்குளத்திலிருந்து வந்தது.

லேப் பையன் இலையைப் பார்க்கவே இல்லை. குழாய்த் திருகைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்தவன் தூவென்று துப்பினான். "சார், வாய்ல வெக்க முடியல சார்." முதலாளியும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

பாய் சிரித்தார். "சிகரெட்டுப் புடிக்கிற நாக்குக்கு என்னத்தத் தெரியும்? தங்கச்சி, அந்தச் செம்பை எடுங்க" என்றார். கொடுத்தேன். தொட்டியில் முக்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று முழுச் செம்பையும் குடித்தார். மாடு மூக்கை விடாத தண்ணீர் அது. தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கற்கண்டு" என்றார்.

 எப்போதும் வாயடிக்கிற டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "பாய், உங்களுக்கு நாக்கு எப்பப் போச்சு?"

பாயின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "ரெண்டு வருசம் ஆகப்போகுதுங்க. வெளுப்புத் தொட்டியில ஒரு நா மருந்து ஆவி மூஞ்சியில அடிச்சிருச்சு. அன்னையிலருந்து மணமும் தெரியல, ருசியும் தெரியல. சொன்னா வேலை போயிரும்னு சொல்லல. ஆனா இலை இருக்குங்களே! நாக்குப் போனா என்ன, கண்ணு இருக்கு. உப்பு ஏறினா இலை கருகும். இது கருகலியே. பாருங்க, பச்சையாத்தான் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு எதுவும் தெரியாது. எங்களுக்காக அவர் எதையும் மறைக்கவில்லை. எங்களோடு பாதிப் பாவத்தை அவர் சுமக்கவே இல்லை. ஒரு வருசமாக ருசியில்லாத வாயில் இலையை மென்று, அது பச்சையாக இருக்கிறது என்கிற ஒரே நம்பிக்கையில், நான் சாக்கில் கட்டி வந்ததை நம்பி வேலை பார்த்திருக்கிறார். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"எவனாச்சும் செடிய மாத்திருப்பான் சார்" என்றான் லேப் பையன், விளையாட்டுப் போல.

பாய் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க சொல்லுங்க. இது நான் நட்ட வேருதானே? யாரும் தொடலியே?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுசன் மரியாதையோடு போயிருப்பார். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது என்ன தெரியுமா? முந்தின வாரம்தான் புது வீட்டு வாசலுக்குக் கதவு வைத்தோம். ஊர் கூடி வந்து காறித் துப்பினால் அந்த வாசலில் எப்படி நிற்பது என்றுதான் தோன்றியது.

"நீங்க நட்டதுதானுங்ணா. யாரும் தொடலீங்க" என்றேன்.

முதலாளி அதற்கு மேல் நிற்கவில்லை. இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். டிரைவர் மட்டும் ஒரு நொடி தயங்கி, பாயின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். ஜீப் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

பாய் வல்லாரைப் பாத்தி முன்னால் குந்தினார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க தங்கச்சி" என்றார். "அப்ப இலைதான் பொய் சொல்லிருச்சு. சின்ன வயசுலருந்து இத நம்பித்தான் இருந்தேன்." எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். எனக்கு! 

அப்போதுதான் மாராத்தாள் குடத்தோடு தொட்டிக்கு வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. குடத்தை முக்கி எடுத்து நிமிர்ந்தாள். பாய் பதறிப்போய், "ஆத்தா, அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க, உப்பு ஏறிப்போச்சாம்" என்றார்.

"தெரியுமுங் பாய்" என்றாள் மாராத்தாள், சாதாரணமாக. "ஒரு வருசத்துக்கு மேலா இப்படித்தானுங். அம்மிணிகிட்டச் சொன்னனே. வெறகு ஈரமா இருக்குதுன்னாங்க. அவிய குடிக்கறதுக்குக் கொழாத் தண்ணி கொண்டாந்துக்கறாங்க. நாங்க எங்கீங் போறது?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி பார்த்தார். பாத்தியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். எங்கள் மண் செம்மண். வேரோடு வந்தது கருப்பு வண்டல். நெல் வயல் வண்டல்.

அதை ஓரமாக வைத்தார். மாராத்தாளின் இடுப்பிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அத்தனை தண்ணீரையும் மண்ணில் கொட்டினார். காலிக் குடத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

மாராத்தாள் காலிக் குடத்தோடு அங்கேயே நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சரிங் அம்மிணி" என்றாள். "இப்ப நான் தண்ணிக்கு எங்க போறதுங்?"